ஒன்பது நாள் குறைகிறது என்கிறாள் அக்கா

1

என் அக்காவின் வலது காலை எடுத்தது நீங்கள்.

வெட்டியவர் வைத்தியர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அழுகியதை வெட்டாவிட்டால் ஆளே போயிருப்பாள் என்று அவர் சொன்னார், நான் நம்புகிறேன். நான் சொல்வது உங்களை. மேடையில் ஒரு தொட்டி மண்ணுக்குள் வெறுங்காலோடு நின்றுகொண்டு, "செருப்புத்தான் உங்கட வருத்தம்" என்று சொன்ன உங்களை.

உங்கள் பெயரை எழுதித்தான் கொடுத்தேன். பத்திரிகை ஆசிரியர் வழக்கு வரும் என்று வெட்டிவிட்டார். வெட்டட்டும். ஐரோப்பாவில் தமிழர் இருக்கிற ஊரெல்லாம் மண்டபம் எடுத்து "மண்தொடுகை" வகுப்பு நடத்துகிறவர் யார் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஊரில் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். மண்தொடுகை என்றால் வெறுங்காலோடு மண்ணில் நிற்பது, நடப்பது. மண்ணில் உள்ள சக்தி உள்ளங்கால் வழியாக ஏறி உடம்பின் வருத்தங்களை இறக்கும் என்பது இவருடைய படிப்பினை. நடக்க முடியாதவர்களுக்கு ஒரு விரிப்பும் விற்கிறார். அதில் ஒரு வயர் தொங்கும். அந்த வயரைச் சுவரில் உள்ள பிளக்கின் ஏர்த் துளையில் செருகிவிட்டு மேலே படுத்தால் மண்ணில் படுத்த மாதிரியாம்.

இன்னும் பதினொரு நாளில் விபூதிப் புதன், கத்தோலிக்கரான எங்களுக்குத் தவக்காலம் தொடங்குகிறது. அன்றைக்கு அக்கா மிச்சமிருக்கிற இடது காலின் செருப்பையும் கழற்றப் போகிறாள். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். நேரமிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

2

நான் இருப்பது நோர்வேயின் வடக்கே ஒரு தீவில். பேசாலையில் மீனுக்குள் பிறந்தவனை இங்கேயும் மீனுக்குள்தான் விட்டார்கள். பதினேழு வருடமாக ஒரே தொழிற்சாலை. காலையில் உடை மாற்றும் அறையில் இரண்டு சோடி கம்பளிக் காலுறை, அதற்கு மேல் முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. பின்னேரம் கழற்றும்போது கால் அவித்த கணவாய் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். வீட்டில் மரத் தளம், அதன் மேலும் காலுறை. கோடையில் புல்லில் நடக்கலாம்தான். நான் நடப்பதில்லை. வேலை, சாப்பாடு, படுக்கை.

இதை நீங்கள் சரியாகப் பிடித்தீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு எங்கே நோகும் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கூட்டத்துக்கு நான் நாலு மணித்தியாலம் கார் ஓடி வந்தவன். ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபம். வெளியே இடுப்பளவு பனி. நீங்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குழந்தைகளைக் குளிக்க வார்க்கிற பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஏறி நின்றீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, "கடைசியா எப்ப உங்கட மண்ணை மிதிச்சனீங்கள்?" என்று கேட்டீர்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த பெரியவர் விம்மினார். நானும் அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் தொட்டிக்குப் பின்னால் மண் வந்த பை கிடந்ததைக் கண்டேன். பூச்சாடிக்குப் போடுகிற கடை மண். பையில் செவ்வந்திப் பூப் படம்.

அந்தப் பையைக் கண்ட பிறகும் வரிசையில் நின்று விரிப்பு வாங்கினேன். அந்த விசர் என்னுடையது. அதை உங்கள் தலையில் போட மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் மண்ணை மிதிக்காதே என்று மண்டையோடு கீறிய சிவப்பு மிதிவெடிப் பலகை நட்டிருந்தார்களே, அது உங்களுக்குத் தெரியாதா? மறிச்சுக்கட்டிப் பக்கம் தங்கள் காணியைப் பார்க்கத் திரும்பிப் போன சனம் முன்னால் போனவன் வைத்த அடியில்தான் அடி வைத்துப் போனது. மண் கால் எடுக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்து வளர்த்த ஊர் எங்களுடையது. அந்த ஊரவனை ஒரு தொட்டிப் பூமண்ணால் அழவைத்தீர்கள். கெட்டித்தனம்தான்.

3

அக்காவின் பெயர் மெற்றில்டா. எனக்கு ஏழு வயது மூத்தவள். நாங்கள் இரண்டு பேர்தான். அவளுடைய புருசன் செத்துப் பல வருடம். மகன் அன்ரன் கடலுக்குப் போகிறான். அவள் கரையில் கருவாட்டு வாடியில் மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவைக்கிற வேலை. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, பத்து வருடமாக இருக்கிறது. கால் எரிகிறது, நித்திரை வருவதில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் சொல்வாள். அதனால்தான் விரிப்பு வாங்கினேன். எனக்காக வாங்கவில்லை. ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

கிடைத்த அன்று தொலைபேசி எடுத்தாள்.

"என்னடா இது? பாயுமில்ல, போர்வையுமில்ல. வாலொண்டு தொங்குது."

"அந்த வாலைத்தான் அக்கா பிளக்கில குத்த வேணும்."

"கரண்ட் அடிச்சு நான் சாகவோ?"

"அடிக்காது. அந்த ஓட்டையில கரண்ட் இல்ல. அது மண்ணுக்குப் போற வயர்."

"வீட்டைச் சுத்தி முழுக்க மண்தானே கிடக்கு. நீ ஏன்டா மண்ணுக்கு நோர்வேயில இருந்து வயர் அனுப்புறாய்?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. எனக்கு அப்போது அது பகிடியாகத்தான் பட்டது.

இங்கத்தைய பிளக் அங்கே பொருந்தவில்லை. அன்ரன் நுனியை வெட்டி, வயரை உரித்து, ஏர்த் துளைக்குள் விட்டு, தீக்குச்சியால் இறுக்கினான். இரண்டு கிழமை கழித்து அக்கா சொன்னாள்: "தம்பி, நல்ல நித்திரையடா. கால் எரிவு குறைஞ்சு வருது." மாதம் ஒன்று கழிய, "எரிவே இல்ல. கல்லில மிதிச்சாலும் நோகேல்ல. அந்த மனிசன் கடவுள்தான்," என்றாள்.

இது நடந்து நெடுநாளைக்குப் பிறகு, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அன்ரன் அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். வீட்டுத்திட்டத்தில் கட்டிக் கொடுத்த வீடு. "மாமா, உள்ளுக்க ஏர்த் வயரே இல்ல," என்றான். "சும்மா ஓட்டை. ஒண்டிலயும் கொழுவேல்ல."

அப்படியென்றால் எரிவு எப்படி நின்றது? அதை ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த மிஸி, தாதிப் பெண், எனக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்தினாள். பச்சைப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெல்லமாகச் சொன்னாள். "அண்ணா, எரிவு நிண்டது சுகம் இல்ல. நரம்பு செத்துப்போச்சு. எரியிற வரைக்கும்தான் அது அவவின்ர கால்."

4

செத்த காலை நாங்கள் சுகம் என்று நம்பிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் "நாற்பது நாள் மண்தவம்" வந்தது. நாற்பது நாள் செருப்பே போடக் கூடாது, வீட்டிலும் வெளியிலும் வெறுங்கால், நாற்பதாம் நாள் சீனி இறங்கும், மருந்து தேவைப்படாது. உங்கள் குரலில் ஆறு நிமிடப் பேச்சு. அதை அக்காவுக்கு அனுப்பியவன் நான். வேலை இடைவேளையில், கையுறையைக் கழற்றி, பெருவிரலால் ஒரு தட்டு. மூன்று விநாடி இருக்காது.

மற்ற ஊர்க்காரருக்கு அது வெறும் நாற்பது நாள். எங்களுக்கு அப்படியில்லை. அது போன வருடம், அடுத்த கிழமை விபூதிப் புதன். தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் எதையாவது விடுவார்கள். ஒறுத்தல் என்று சொல்வோம். ஒருவர் இறைச்சி விடுவார், ஒருவர் சுருட்டு விடுவார், பிள்ளைகள் இனிப்பு விடுவார்கள்.

"அவரும் நாப்பது எண்டுறார், கோயிலும் நாப்பது எண்டுது. சும்மா ஒத்து வருமோ?" என்றாள் அக்கா. "இந்த முறை ஒறுத்தலுக்குச் செருப்பை விடுறன்."

"வேற ஏதும் விடன்."

"என்னட்ட விட என்னடா கிடக்கு? சீனி விட்டாச்சு. இறைச்சி விட்டாச்சு. புருசனும் போயிட்டான், பொட்டும் போச்சு. செருப்பு ஒண்டுதான் மிச்சம்."

நான் சிரித்தேன். அவள் இப்படித்தான், எதையும் பகிடியாக்கி என் வாயை அடைத்துவிடுவாள். அது சாதாரணச் செருப்பில்லை. அவளுடைய காலுக்கென்றே கிளினிக்கில் சொல்லி எடுத்துக் கொடுத்த மெத்தைச் செருப்பு. வீட்டுக்குள்ளேயும் கழற்றாதே என்று சொல்லிக் கொடுத்தது. அதைக் கழுவித் துடைத்து அலுமாரியில் வைத்தாளாம், உயிர்ப்பு ஞாயிறுக்குப் புதுச்சட்டையோடு போட.

என் மகள் எலீசாவுக்கு அப்போது பதினாறு. தமிழ் பாதி விளங்கும், பேசமாட்டாள். நாங்கள் கதைத்ததைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நோர்வேஜிய மொழியில் கேட்டாள்: மாமிக்கு சீனி வருத்தம் இல்லையா? அப்படியானவர்கள் வெறுங்காலோடு நடக்கலாமா? தங்களுக்கு வகுப்பில் படிப்பித்தார்களாம், அவர்கள் ஒவ்வொரு நாளும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டுமாம்.

"நீ உன்ர வேலையப் பார்," என்றேன். "இது எங்கட விசயம்."

அவள் எழும்பித் தன் அறைக்குப் போனாள். கால் போன செய்தி வந்த நாளில்தான், சாப்பாட்டு மேசையில், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு தமிழில் ஒரு வசனம் பேசினாள். "பப்பா, நான் 'எங்கட'க்குள்ள இல்லைத்தானே, அதால பிறகு ஒண்டும் கேக்கேல்ல."

 

5

முதல் மூன்று கிழமையும் அக்கா உற்சாகமாக இருந்தாள். விடிய வாடிக்கு, அங்கிருந்து கோயிலுக்கு, எல்லாம் வெறுங்கால். பங்குச் சுவாமியார் கண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒறுத்தல் இல்லைத்தானே, அன்றைக்காவது போடுங்கோ என்றாராம். போடவில்லை. உங்கள் தவத்தில் ஞாயிறு விடுமுறை இல்லையே.

இடையில் கிளினிக் நாள் வந்தது.

"எங்கயம்மா செருப்பு?" என்றாளாம் அங்கிருந்த மிஸி.

"ஒறுத்தல், மிஸி."

"மாதாவே! விட வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?"

அந்த மிஸியும் வேதக்காரப் பிள்ளை. தவக்காலத்தில் ஒரு விதவை நேர்ந்துகொண்டதை உடைக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காலையாவது சோதிப்போம் என்று குனிந்து பிடித்தாள். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலோன் இழை வைத்திருப்பார்கள். எங்கள் பாசையில் தங்கூசி, தூண்டிலுக்குக் கட்டுகிற அதே சாமான். அதன் நுனியால் உள்ளங்காலில் தொட்டுத் தொட்டு, தெரியுதோ, தெரியுதோ என்று கேட்டாள். அக்கா ஒவ்வொரு முறையும் ஓம், ஓம் என்றாள்.

ஒன்றும் தெரியவில்லை. ஓமென்று சொன்னாள்.

ஏனடி சொன்னாய் என்று பிறகு கேட்டேன். கோபத்தில் 'அடி' போட்டே கேட்டேன். "அந்தப் பிள்ளை குனிஞ்சு என்ர ஊத்தைக் காலைக் கையில பிடிச்சுக்கொண்டு கேக்குது. இல்லை இல்லை எண்டு சொல்லி அதின்ர மனதை நோகடிக்கவோ?" என்றாள்.

எங்கள் சனத்தின் மரியாதை இது. காலே போனாலும் மற்றவர் முகம் வாடக் கூடாது.

முள் எப்போது ஏறியதென்று ஒருவருக்கும் தெரியாது. வாடியைச் சுற்றி மணலில் கெளிறு மீனின் முள் கிடக்கும், ஊசி மாதிரி, ஓரத்தில் அரம் வைத்தது. சுகமான காலில் ஏறினால் ஆள் கத்தி ஊரைக் கூட்டும். அக்கா அதன் மேல் எத்தனை நாள் நடந்தாளோ.

அன்ரன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மாட கட்டிலடியில நாத்தம் வந்தது மாமா. மீன் நாத்தம் எண்டு நினைச்சன். வாடியில வேலை செய்யிற ஆள்தானே. நாலு நாள் அப்பிடித்தான் நினைச்சன்."

அவன் கடல்காரன். மீன் எது, மீனில்லாதது எது என்று மூக்கால் பிடிப்பவன். அந்த நாலு நாளை அவன் தனக்கு மன்னிக்க மாட்டான். என்னுடைய மூன்று விநாடிக்கும் நான் அப்படித்தான்.

முப்பத்தோராம் நாள் பின்னேரம் காய்ச்சல் கண்டது. அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள்.

6

போக லீவு கேட்டேன். தொழிற்சாலைக் கந்தோரில் ஒரு பத்திரம் தந்தார்கள். யாருக்குச் சுகமில்லை என்று அடையாளமிட வேண்டும். அம்மா அப்பா, துணை, பிள்ளை. அக்காவுக்குப் பெட்டி இல்லை. அந்தப் பெண் நல்ல பெண். உதவி செய்யத்தான் பார்த்தாள். "உன் சகோதரி உன் வீட்டில் உன்னோடு வாழ்கிறவளா? எவ்வளவு நெருக்கம் என்று எழுது," என்றாள்.

என் நோர்வேஜிய மொழி மீனுக்குப் போதும். அதற்கு மேல் போகாது. எழுத நினைத்தது இதுதான்.

சண்டை திரும்பத் தொடங்கிய வருடம் நாங்கள் பேசாலையிலிருந்து வள்ளம் ஏறினோம். எனக்கு ஏழு வயது. வள்ளக்காரர் இராமேசுவரம் வரை போகப் பயந்து, கடலுக்கு நடுவே ஒரு மணல் திட்டில் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். தீடை என்போம். ஒரு செடி இல்லை, நிழல் இல்லை. உச்சி வெயில். என்னிடம் செருப்பில்லை, யாரிடமும் இல்லை. மணல் கொதித்தது. நான் துள்ளித் துள்ளிக் கத்தினேன். அம்மா சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தா. அக்காவுக்குப் பதினாலு. "என்ர காலுக்கு மேல ஏறி நில்லு," என்றாள். ஏறினேன். அவளுடைய இரண்டு பாதத்தின் மேல் என் இரண்டு பாதம். அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தண்ணீர் ஓரம் வரை நடந்தாள், நான் மேலேயே நின்றேன். பிறகு அகதி முகாமில் அவளுடைய உள்ளங்கால் தோல் பை மாதிரிக் கழன்று வந்ததைப் பார்த்தேன்.

நெருக்கம் அவ்வளவு. அதற்கு என்ன சொல்? நான் "சகோதரி" என்று மட்டும் எழுதினேன். அந்தப் பத்திரம் திரும்பி வந்தது. கோடை விடுமுறையில் போகலாம் என்றார்கள்.

மண்தொடுகை என்று ஒன்றை நீங்கள் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவோ முன்பே அவள் மண்ணைத் தொட்டவள். என் பங்கையும் சேர்த்துத் தொட்டவள். அந்த மண்ணிலிருந்து எந்தச் சக்தி ஏறியது, சொல்லுங்கள் பார்ப்போம்.

7

வெட்டிய காலை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் அன்ரனிடம் கேட்டார்கள். நீங்கள் எடுக்கிறீங்களோ, இல்லை நாங்களே பார்த்துக்கொள்ளவோ என்று. எங்கள் சனம் விட்டுவிட்டு வராது. ஞானஸ்நானம் பெற்ற உடம்பு, அதில் ஒரு பகுதியென்றாலும் சேமக்காலையில், கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்க வேண்டும்.

அன்ரன் சவப்பெட்டிக் கடைக்குப் போனான். அளவுக்குச் சரியாக இருந்தது குழந்தைகளின் பெட்டிதான், வெள்ளை. கடைக்காரர் நல்ல மனிதர். மெல்லமாகக் கேட்டாராம், "ஆம்பிளப் பிள்ளையோ, பொம்பிளப் பிள்ளையோ தம்பி?"

"அம்மாட கால்," என்றானாம் அன்ரன்.

எங்கள் அம்மாவின் குழிக்குள் ஒரு ஓரத்தில் அதைத் தாட்டார்கள். சுவாமியார் வந்து ஒரு சின்னச் செபம் சொன்னார். அன்ரன் எனக்காக வீடியோ எடுத்து அனுப்பினான். நான் அதை வேலை இடைவேளையில், சப்பாத்தோடு, மீன் பெட்டிகள் மேல் குந்தியிருந்து பார்த்தேன். குழியின் ஓரத்தில் நின்றவர்களின் கால்கள் தெரிந்தன. எல்லாருக்கும் இரண்டு இரண்டாக.

அதற்குப் பிறகு நான் சரியில்லை. எங்கள் தொழிற்சாலைத் தளம் எப்போதும் ஈரம். யார் நடந்தாலும் சளக், சளக் என்று கேட்கும். பட்டப்பகலில், இயந்திர இரைச்சலுக்குள், எனக்குப் பின்னால் ஒரு சளக் மட்டும் கேட்கிறது. அடுத்தது வருவதில்லை. அடுத்ததற்குக் காத்து நிற்கிறேன். கத்தி கையில் நிற்கிறது, மீன் வரிசையில் போய்விடுகிறது. மேற்பார்வையாளன் இரண்டு முறை பேசினான். இப்போது காதை அடைக்கும் கருவி போட்டுக்கொண்டு நிற்கிறேன். போட்டாலும் கேட்கிறது.

எனக்கும் சீனியோ என்று பயந்து வைத்தியரிடம் போனேன். அவளும் அதே தங்கூசித் துண்டை எடுத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். உணருகிறாயா என்று கேட்டாள். ஓம் என்றேன், தமிழில். அவளுக்கு விளங்கவில்லை. நோர்வேஜிய மொழியில் திரும்பச் சொன்னேன்.

"நான் இன்னும் தொடவே இல்லை," என்றாள்.

8

போன ஞாயிறு அக்கா தொலைபேசி எடுத்தாள். குரல் நன்றாக இருந்தது. ஊன்றுகோலோடு வளவுக்குள் நடக்கிறாளாம். வாடிக்காரர் இருந்து செய்கிற வேலை தருகிறாராம். பிறகு சொன்னாள்.

"தம்பி, விபூதிப் புதன் வருது."

"ஓம்."

"நான் குறையை முடிக்கப் போறன்."

"என்ன குறை?"

"போன முறை முப்பத்தொண்டுதானே. ஒன்பது நாள் குறையுது. இடையில நிப்பாட்டினதாலதான் இப்பிடி வந்தது. அவரே சொல்லியிருக்கிறார், கேக்கேல்லையோ நீ?"

கேட்டேன். நீங்கள் பிறகு வெளியிட்ட வீடியோ. இடையில் நிறுத்துகிறவர்களுக்குத்தான் பாதிப்பு வரும், மண்ணைக் குறை சொல்லாதேங்கோ என்று சிரித்துக்கொண்டு சொல்கிறீர்கள். உங்களுக்கு அது தப்பிக்கிற வாசல். அவள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். காய்ச்சலோடு கட்டிலில் தூக்கிப் போட்டார்கள், கால் மண்ணை விட்டது, அதனால் கால் போனது. இதுதான் அவளுடைய கணக்கு.

"அக்கா, உனக்கு விசரே? இருக்கிறது ஒரு கால்."

"கத்தாத. நான் யோசிச்சுத்தான் சொல்லுறன். மற்றக் கால் அம்மாட்டக் கிடக்குத்தானே. இரவு பகலா மண்ணுக்க கிடக்கு. அது தன்ர நாப்பதை எப்பவோ முடிச்சிட்டுது. இந்தக் காலுக்குத்தான் ஒன்பது குறை."



"உனக்குத் தெரியாது," என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "பின்னேரங்களில அந்தக் கால் எனக்குத் தெரியுது. விரலுக்கிடையில குளிர் மணல் நெருடுது. உயிரோட இருக்கேக்க ஒரு நாளும் அப்பிடித் தெரியேல்ல."

வெட்டிய உறுப்பு இருப்பது மாதிரித் தோன்றுவது பலருக்கு வரும் என்று எலீசா சொல்கிறாள். அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டாம். இருக்கட்டும். எனக்கு அந்தக் குரல்தான் காதில் கிடக்கிறது. அக்கா சந்தோசமாகச் சொன்னாள். பயந்து சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைவாக இருந்திருக்கும்.

அன்ரன் சொல்லிப் பார்த்தான். சுவாமியார் சொல்லிப் பார்த்தார். வைத்தியர் ஏசினார். நான் கத்தினேன், அழுதேன், ஏர்த் வயர் இல்லாத கதையையும் சொன்னேன். "வயர் இல்லாட்டி என்ன, மனிசன்ர வாக்கு இருந்ததே," என்கிறாள். எங்கள் ஒருவரின் சொல்லும் அவளிடம் ஏறாது. உங்களுடையது ஏறும். இதை எழுதும்போது என் பல் நெருமுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

9

உங்களுக்கு நான் ஏற்கெனவே எழுதினேன். உங்கள் உதவியாளர் பதில் போட்டார்: ஐயா உங்களோடு தனியாகக் கதைப்பார், பொதுவில் எழுத வேண்டாம், மற்றவர்களின் நம்பிக்கை குழம்பும் என்று.

தனியாக என்னோடு கதைத்து என்ன பிரயோசனம்? எனக்கு இரண்டு காலும் இருக்கிறது. சப்பாத்தும் இருக்கிறது.

மன்னிப்பு எனக்கு வேண்டாம். வழக்கும் போட மாட்டேன். நீங்கள் நாளை முதல் வேறு எதை விற்றாலும் நான் அந்தப் பக்கம் வர மாட்டேன். இந்த வருட மண்தவத்துக்கும் அறிவித்தல் விட்டிருக்கிறீர்கள், பார்த்தேன். அதே இடத்தில், அதே முகத்தோடு, எல்லாரும் பார்க்கப் பேசுங்கள். சீனி வருத்தக்காரர் செருப்பைக் கழற்றலாமா, கூடாதா? சுற்றி வளைக்காமல் ஒரு சொல்லில் சொல்லுங்கள். இதை வாசிக்கிற எத்தனை வீட்டில் யார் யார் செருப்பைக் கழுவி அலுமாரியில் வைத்துக்கொண்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

சொல்லிவிட்டு, அவளுடைய பெயரையும் சொல்லுங்கள். பேசாலை மெற்றில்டா. அவள் பார்ப்பாள், உங்கள் வீடியோ ஒன்றையும் அவள் விடுவதில்லை. மெற்றில்டா, உங்களுக்கு ஒரு நாளும் குறையவில்லை, நான் சொன்னது பிழை, செருப்பைப் போடுங்கோ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

விபூதிப் புதன் முதல் பூசை காலை ஆறு மணிக்கு. வீட்டுப் படியில் இறங்கும்போதுதான் கழற்றுவாள். அதற்கு முதல் சொல்லுங்கள்.